இடப்பக்கத்துப் பல்

வியாழக்கிழமை டாக்டர் என் இடது கன்னத்தில் ஊசி குத்திச் சோதித்துப் பார்ப்பார். அதற்குள் கன்னம் அசைய வேண்டும். அசையாவிட்டால், உள்ளே வைத்துத் தைத்த தசை செத்துவிட்டது என்று அர்த்தம். அதை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டையை வைத்து வாயோரத்தை மேலே இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதன்பின் முகம் தொங்காது. சாகும்வரை அசையவும் அசையாது.

இன்று செவ்வாய். காலையிலிருந்து கண்ணாடியைப் பார்ப்பதும் கன்னத்தைத் தொடுவதுமாக இருந்தேன்.

இத்தனைக்கும் நான் பயந்தாங்கொள்ளி இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஸ்டியரிங்கை முதல்முறையாகத் தொடுகிறவர்களின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது என்ற தைரியம்தான். இந்தக் கன்னத்துக்கு அப்படி எதையும் யாரும் பொருத்தித் தரவில்லை.

காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. முகத்தை அசைக்கிற நரம்பை அது சுற்றி வளைத்திருந்ததால், கட்டியோடு நரம்பையும் வெட்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்தேன். ஆனால் இடது பாதி முகம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கண் மூடவில்லை. தண்ணீர் குடித்தால் வாயோரமாக ஒழுகியது. உதடு சேராததால் 'ப' என்று சொன்னால் காற்றுதான் வந்தது. கார் கற்றுக்கொடுக்கிறவளுக்கு 'பிரேக்' என்ற சொல்லே வாயில் நிற்கவில்லை என்றால் பிழைப்பு என்ன ஆவது? வகுப்பில் கையால் தொடையைத் தட்டித்தான் பிரேக் என்று காட்டினேன்.

அப்புறம்தான் இந்த டாக்டரிடம் போனேன். கண் மூடுவதற்கு மேல் இமைக்குள் ஒரு சின்ன எடையை வைத்தார். பிறகு வலது தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு துண்டுத் தசையை எடுத்துக் கன்னத்துக்குள் வைத்து, ரத்தக்குழாய்களைத் தைத்து, அதன் நரம்பை இடது தாடையை இறுக்குகிற நரம்பின் கிளையோடு சேர்த்தார்.

"நரம்பு வளர மாசக்கணக்கா ஆகும். வளந்ததும் பல்லைக் கடிச்சா வாயோரம் மேல போகும். இனிமே அதுதான் உங்க சிரிப்பு" என்றார்.

"பல்லைக் கடிச்சாதான் சிரிக்க முடியுமா? என் வீட்டுக்காரர்கிட்ட நான் தினமும் அதைத்தானே டாக்டர் செய்யறேன்?"

அவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர். ஊரார் சிரிப்பை அளக்கிறவருக்குத் தன் சிரிப்புக்கு நேரம் இல்லை போலும். போகும்போதெல்லாம் என் முகத்தில் மையால் புள்ளிகள் வைத்து, கடிக்கச் சொல்லி, கேமராவில் பிடித்து, வாயோரம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கணினியில் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் பூஜ்யம்.

பயம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். வார்டில் எதிர்க்கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். கால் எலும்பை எடுத்து அவருக்குத் தாடை செய்து வைத்திருந்தார்கள். ஒரு காலை, நர்ஸ் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. தோல் கறுத்துப் போயிருந்தது. கட்டிலோடு அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவர் திரும்பி வரவில்லை. வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. என் கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, சூடு இருக்கிறதா, இருக்கிறதா என்று தடவியபடியே கிடந்தேன்.

அன்றிலிருந்து இடது கன்னத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் மெல்லவில்லை. அந்தப் பக்கம் படுக்கவில்லை. கண்ணாடி முன் பயிற்சி செய்யும்போது வலப்பக்கத்துப் பல்லை இறுக்குவேன். இடப்பக்கத்தைப் பட்டும் படாமலும் வைத்துக்கொள்வேன். உள்ளே தையல் பிரிந்துவிட்டால்?

"இன்னும் கொஞ்சம் பலமாக் கடியேன்" என்பார் என் வீட்டுக்காரர்.

"பலமாத்தான் கடிக்கறேன். வேணும்னா விரலைக் குடுங்க, காட்டறேன்."

அவர் விரலை இழுத்துக்கொள்வார். டாக்டரிடமும் அதே பொய்தான். பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பயந்து பயந்து கடிப்பதுதான் கடிப்பது என்று ஆகிவிட்டிருந்தது.

செவ்வாய் வகுப்புக்கு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை உட்கார், எழுந்திரு என்று சொன்னவர். யாராவது தனக்குச் சொன்னால் காது கேட்காது. பாலத்தின் மேல் ஏறும்வரை ஒழுங்காக ஓட்டினார். என் மனம் வியாழக்கிழமையில் இருந்தது.

பாலம் இறங்கும் இடத்தில் சிக்னல். இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கம்பிகள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"பிரேக், சார்."

கார் வேகம் எடுத்தது. அவர் மிதித்தது ஆக்சிலரேட்டரை.

"சார், பிரேக்! பிரேக்!"

காற்றுதான் வந்தது. அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னும் அழுத்தினார். சிவப்புத் துணி கண்ணாடி முழுக்கப் பெரிதாகி வந்தது. என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். தசையை வெட்டிக் கொடுத்த அதே வலது கால்தான். உடம்பு முழுக்க அந்தக் காலுக்குள் இறங்கியது. டயர் கிறீச்சிட்டது. கார் நின்றபோது துணி காற்றில் ஆடி முன்கண்ணாடியைத் தொட்டது. அதற்குள் இருந்த கம்பி நுனிகள் என் கண்ணுக்கு நேரே இருந்தன.

தாடை பூட்டிக்கொண்டது.

தலைமையாசிரியர் மெல்ல என் பக்கம் திரும்பினார். வெளுத்திருந்த முகம் என்னைப் பார்த்ததும் சிவந்தது.

"சிரிக்கிறீங்களா? நான் செத்துப் பொழச்சிருக்கேன். உங்களுக்கு அது சிரிப்பா இருக்கா?"

மனிதருக்கு அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

"நல்லாப் பாருங்க!" என்று நடுக்கண்ணாடியை வெடுக்கென்று என் பக்கம் திருப்பினார்.

பார்த்தேன். வலது பக்கம் பேயறைந்த மாதிரி இருந்தது. இடது பக்கத்தில் வாயோரம் மேலே ஏறி நின்றது. கோணலாக, நடுங்கிக்கொண்டு, அழகென்று சொல்ல முடியாமல். ஆனால் ஏறி நின்றது. மாதக்கணக்கில் நான் தொடவிடாமல் வைத்திருந்த இடப்பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

கடித்த பல்லைத் தளர்த்த எனக்குப் பயமாக இருந்தது. தளர்த்தினேன். வாயோரம் இறங்கிவிட்டது. ஐயோ, போய்விட்டது. மறுபடி கடித்தேன், இந்த முறை இடப்பக்கத்தில், வேண்டுமென்றே, பலமாக. ஏறியது.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. தலைமையாசிரியர் கோபத்தை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, என்னைப் பாத்துச் சிரிக்கலையா?"

"இல்ல சார். பயந்துட்டேன்."

"பயந்தா மூஞ்சி இப்படியாம்மா இருக்கும்?"

"இனிமே எனக்கு இப்படித்தான் சார் இருக்கும்."