தரையிலேயே நின்றவள்

பறிமுதல் செய்த புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் தரையை விட்டுக் கிளம்பினார். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் மட்டும் புத்தகமும் கையுமாக ஏறிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றது. மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த டைப்பிஸ்ட் பாய்ந்து போய் அவருடைய பெல்ட்டைப் பிடித்துத் தொங்கினாள். "யாராவது ஃபேனை நிறுத்துங்கய்யா!" என்று கத்தினாள். "பொறும்மா, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆபாசத் தடுப்புப் பிரிவு உருப்பட்டது அன்றைக்குத்தான். படிப்பவர் மனதைக் கெடுப்பது எதுவோ அது ஆபாசம் என்கிறது சட்டம். கெட்டதா, இல்லையா என்று எதை வைத்து அளப்பது என இருபது வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சுவரில் அளவுகோல் வரைந்தாயிற்று. ஓர் அடிக்கு மேல் எழும்பினால் வழக்கு, கீழே என்றால் எச்சரிக்கை. அந்த வருடம் அலுவலகத்தில் லீவு கேட்ட ஆளே கிடையாது. பிரசவ மருத்துவப் பாடநூலுக்கு நான்கு அங்குலம், நீச்சலுடை விலைப்பட்டியலுக்கு ஏழு. கல்லூரிப் பாடத்தில் இருந்த காதல் செய்யுளுக்கு மேலதிகாரி இரண்டடி போனவர், அடியில் இருந்த உரையைப் படித்ததும் தொப்பென்று விழுந்தார். ஊர் இரண்டுபட்டது. "சர்க்கார் கண்ண மூடிக்கிட்டா ஊரே நாறிடும்" என்றது பேருந்தில் முன் சீட்டு. "வளந்த மனுஷன் கதவ சாத்திக்கிட்டு எதப் படிச்சா ஒனக்கென்னய்யா நோகுது?" என்றது பின் சீட்டு.

டைப்பிஸ்ட் மட்டும் எழும்பவில்லை. பிடிபட்ட நாற்பத்திரண்டு புத்தகங்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். செருப்பு தரையை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. அச்சுப்பிழைகளுக்கு மட்டும் முகம் சுளித்தாள். அரசு வக்கீலே கையெழுத்திட்டு, 'கறைபடாத மனம்' என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதை மாட்ட அவள் வீட்டில் ஆணி அடிக்கவில்லை. அந்த நாற்பத்திரண்டையும் அச்சடித்தவர் அவளுடைய அத்தான், கூடப்பிறந்த அக்காவின் கணவர். நிரூபணமானால் மூன்று வருடம் சிறை. அட்டையில் எழுதியவர் பெயருக்குப் பதில் மூன்று புள்ளிகள்தான் இருந்தன. "பேரச் சொல்லுய்யா, உன்ன விட்டுடறோம்" என்று இன்ஸ்பெக்டர் தாஜா செய்தார். "புள்ளிக்கு ஏது சார் பேரு?" என்று அத்தான் சிரித்தார். குற்றப்பத்திரிகையைத் தட்டச்சு செய்ததே டைப்பிஸ்ட்தான். "உன் கையாலயே அடிச்சியேடி பாவி" என்று சொன்ன அக்கா, அதன்பின் அவளோடு பேசவில்லை.

சாட்சியப் பொருளை நீதிபதியும் படித்தாக வேண்டும். படித்தார். கறுப்பு அங்கி குடைபோல விரிய, கூரையில் முதுகு முட்டி நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் அண்ணாந்து கேட்டார்: "ஐயா மனசு கெட்டுப்போச்சுன்னா ஐயா தீர்ப்பு செல்லாது. கெடலைன்னா இந்தக் கேஸே செல்லாது. எது ஐயா?" நீதிபதி மேலேயே அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அரசு வக்கீல் விடுவாரா? டைப்பிஸ்டைக் கூண்டில் ஏற்றினார். "இது அரசாங்கமே நற்சான்று குடுத்த மனசு. இந்தம்மா சொல்லட்டும், இது அசிங்கமா இல்லையான்னு!" அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலையே அத்தான் வீடு திரும்பினார். நீதிபதி மேலே இருந்தபடியே வழக்கைத் தள்ளுபடி செய்ய, கையெழுத்துக்கு ஏணி வைத்துக் கோப்பை ஏற்றினார்கள். பிரிவைக் கலைத்தார்கள். அதன்பின் ஊரில் கட்டிய வீடுகளுக்கெல்லாம் படுக்கையறைக் கூரையை மூன்றடி உயர்த்தி வைப்பது கொத்தனார்களுக்கு வழக்கமாகிப்போனது. இவ்வளவும் அவள் கூண்டில் நின்று சொன்ன நாலு வரியால்:

"அந்த மூணு புள்ளியும் நான்தாங்க. பதினோரு வருஷமா விடியக்காலைல எழுதறேன். எழுதறப்பவே சீலிங்ல தலை இடிக்கப் பறந்து தீத்துட்டு, எறங்கி, சமைச்சு வெச்சிட்டு, பத்து மணிக்கு ஆபீஸ் வந்துடுவேன். மனசு கெட்டுச்சான்னு என்னக் கேக்காதீங்க வக்கீல் சார், கையெழுத்துப் போட்டது நீங்கதான்!"