மூன்றாம் மாடிச் செடியின் தலை

2018 மார்ச் 14, புதன்கிழமை. பல்கேரியாவின் ரூசே நகரில், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடி நடையில் நின்ற மான்ஸ்டெரா செடி, தொட்டியிலிருந்து ஒரு முழ உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது.

வெட்டியவள் வெனெத்தா. செடி எதிர்வீட்டு தோப்ரிங்காவுடையது. பதின்மூன்று வருடமாக வளர்த்தது. முறம் முறமாக இலைகள், விரல் விட்டதுபோலப் பிளவுகள். வாரம் ஒருமுறை, பளபளப்புக்காக, பீரில் நனைத்த துணியால் ஒவ்வொரு இலையையும் துடைப்பாள். பனிக்காலத்தில் யாராவது படிக்கட்டு ஜன்னலைத் திறந்துவிட்டால் அவள் கத்துவது எட்டாம் மாடிக்குக் கேட்கும். ஆனால் வசந்தத்தில் அக்கம்பக்கத்தார் வந்து ஒரு துண்டு கிள்ளும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்டு வாங்கினால் செடி பிடிக்காது, திருடினால்தான் வேர் விடும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை.

வெனெத்தா மூன்று வருடம் திருடியிருந்தாள். மூன்றும் வெறும் இலை. தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நின்று, பிறகு அழுகின. தண்டில் வேர் தொங்கும் கணு வேண்டும் என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள். அன்று ரொட்டிக் கத்தியோடு அந்தக் கணுவைத் தேடிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவசரத்தில் அழுத்தினாள். ஆறு இலைகளோடு மேல்பாதி முழுவதும் அவள் தோளில் சாய்ந்தது. அப்படியே வீட்டுக்குள் இழுத்துப்போய்க் குளியல் தொட்டியில் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறன்று குடியிருப்புக் கூட்டம். நிர்வாகி கான்ச்சோ நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"இது திருட்டு இல்லைங்க, கொலை," என்றார்.

"செடியை விக்கிறவன் எவனாவது இருப்பான்," என்றார் ஐந்தாம் மாடிக்காரர். "இல்ல, பொண்டாட்டி பிறந்தநாளை மறந்தவன்."

யாரும் சிரிக்கவில்லை. தோப்ரிங்கா அழுத முகத்தோடு இருந்தாள்.

"அந்தப் பக்கம் யாராவது நின்னதைப் பாத்தீங்களா?" என்று கான்ச்சோ கேட்டார்.

எல்லோரும் எதிர்வீட்டு வெனெத்தாவைத்தான் பார்த்தார்கள்.

"செவ்தா தொட்டியை நகர்த்திக்கிட்டு இருந்தா. புதன்கிழமை காலைல," என்றாள்.

சொன்னது பொய்யில்லை. செவ்தா படிக்கட்டு துடைப்பவள். துடைக்கத் தொட்டியை நகர்த்தத்தான் வேண்டும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாளே கான்ச்சோ அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

அந்த வாரக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த செவ்தா, கையில் துடைப்பத்தோடு வெனெத்தாவின் வாசலில் நின்றாள்.

"நீங்க சொன்னது உண்மைதான் அக்கா. நகர்த்தினேன். அடியில ஈரம் இருந்துச்சு, தரை வழுக்கும்னு. அதை மட்டும் நிர்வாகிகிட்ட சொல்லிருங்க."

"சொல்றேன்," என்றாள் வெனெத்தா, கதவைப் பாதி மூடியபடி. உள்ளே குளியலறையில் அந்த ஆறு இலைகளும் நன்றாகத்தான் நின்றன. முளைக்கத் தொடங்கிய வேர்கள் வெள்ளையாகத் தெரிந்தன. பத்து நாட்களாக அவள் சமையலறையில் வாளி வைத்துத்தான் குளித்தாள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

எட்டாம் நாள் எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

"அக்கா, நான்தான்."

"என்ன நீதான்?"

"செடி. கணுவோட ஒரு துண்டு எடுக்கலாம்னு நினைச்சேன். கத்தி முழுசா இறங்கிருச்சு."

தோப்ரிங்கா வாசலைத் தாண்டி நடைக்கு வந்தாள்.

"வருஷா வருஷம் உனக்காகத்தானேடி சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்? கதவைத் தட்டி, தப்பா வெட்டிட்டேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் திட்டியிருப்பேன். மூணாம் நாள் காபி கொடுத்திருப்பேன்."

"தெரியும் அக்கா."

"அந்தப் பொண்ணு பேரை எதுக்கு இழுத்தே?"

வெனெத்தா நடையில் நின்ற வெட்டுத் தண்டைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆகாது. எல்லார் முன்னாடியும் சொல்லு."

ஏப்ரல் கூட்டத்தில் சொன்னாள். ஐந்தாம் மாடிக்காரர்கூட நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. கான்ச்சோ அங்கேயே செவ்தாவைத் தொலைபேசியில் அழைத்து, திரும்பி வரச் சொன்னார். வேறு குடியிருப்பில் சேர்ந்துவிட்டதாகவும், வர விருப்பமில்லை என்றும் அவள் சொன்னாள். மே மாதத்திலிருந்து அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைக் குடியிருப்பவர்களே முறை வைத்துத் துடைக்கிறார்கள்.