மெத்தைக் கடையில் ஒரு கிசுகிசுப்பு

அந்த வீட்டில் பகலில்தான் இரவு தொடங்கும்.

ஜன்னலுக்கு இரட்டைத் திரை. கதவிடுக்கில் பழைய துண்டு. அழைப்பு மணியின் வயரைக் கழற்றி எத்தனையோ நாளாயிற்று. திரை வழியே கசியும் நீலக் கருக்கலில் கட்டில் ஒரு படகு போல மிதக்கும். அதில் அவள் கணவர் மல்லாந்து கிடப்பார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராத்திரி முழுக்க உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கித் தரையில் இறக்கிவிட்டு வந்திருப்பார்.

கட்டிலை ஒட்டி அவளுடைய மேஜை. இருப்பது ஒரே அறை, வேறு எங்கே போடுவது? முழுநேரத்துக்கு ஆள் வைக்க முடியாத சின்னச் சின்னக் கடைகளுக்கு அவள்தான் கணக்கு எழுதுகிறாள். அவர்கள் பில்களைப் பையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றுவாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பில்லையும் வாயால் சொல்லிப் பார்க்காமல் ஏற்றமாட்டாள். சும்மா பார்த்து அடித்தால் ஒன்றும் ஏழும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். சொல்லிப் பார்த்தால் பயந்து அடங்கும். அவர் தூங்குவதால் கிசுகிசுப்பாகச் சொல்வாள்.

"ஸ்பிரிங் மெத்தை ரெண்டு. நாலாயிரத்து எழுநூத்திப் பதினாறு."

கட்டிலிலிருந்து பதில் வரும். "ம்... இறக்கு. மெல்ல."

"வண்டி வாடகை, முந்நூத்தி எண்பது."

"கொஞ்சம் இடது..."

அவள் சொல்லும் எண்கள் அவருடைய கனவுக்குள் பெட்டிகளாக வந்து தொங்கும். அவர் ஒவ்வொன்றாக இறக்கி வைப்பார். "உன் குரல் கேட்டா பெட்டி ஆடாது. கடல்கூட மூச்சுவிடாம நிக்கும்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். ஆடிட்டர் போன் பண்ணினார். "ஏம்மா, வண்டி வாடகைக்கு நேரா 'கொஞ்சம் இடது'ன்னு போட்டிருக்கியே, அது என்ன செலவு?"

"கை தவறிடுச்சு சார்" என்று சமாளித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மெத்தைக் கடை முதலாளி குண்டு போட்டார்.

அவர் ரகசியம் பேசினாலே தெருமுனைவரை கேட்கும். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"இனிமே வீட்ல எழுதற கதையே வேணாம்மா! கடைக்கு வந்து எழுதுங்க! ஒரு துண்டுக் காகிதம் வெளிய போகக்கூடாது!"

விஷயம் இதுதான். ஒரு பெரிய ஹோட்டலுக்கு மெத்தை சப்ளை செய்ய அவர் விலை கொடுத்திருந்தார். எதிர்க் கடைக்காரன் அதைவிட ஒரு பிடி குறைத்துக் கொடுத்து ஆர்டரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். விலை எப்படித் தெரிந்தது? அன்றிலிருந்து முதலாளி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால்கூட ஒரு மாதிரி பார்த்தார்.

அவள் வருமானத்தில் பாதி அந்தக் கடை. முடியாது என்று சொல்ல முடியுமா? போனாள்.

கடையில் ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. வாடிக்கையாளர் பார்ப்பதற்காக நடுவில் ஒரு மாதிரிப் படுக்கையறை போட்டிருந்தார்கள். மூன்று சுவர், நாலாவது பக்கம் திறந்தவெளி. கட்டில், அலமாரி, விளக்கு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னல் படம். அதற்குள் எந்நேரமும் சாயங்காலம். அங்கிருந்த ஒப்பனை மேஜையில் லேப்டாப்பை வைத்து அவளை உட்காரச் சொன்னார்கள்.

"ஏங்க, இங்க பாருங்க! இந்தப் பொம்மை எவ்வளவு தத்ரூபமா டைப் அடிக்குது!" என்றாள் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் தன் கணவனிடம்.

பொம்மை தும்மியது. அம்மாள் அலறிய அலறலில் மேலே அடுக்கியிருந்த தலையணைகள் சரிந்தன.

வேலை பிரச்சினை இல்லை. வீட்டில்தான் பிரச்சினை. அவர் தூங்கவில்லை.

"கண்ணை மூடினா பெட்டி வந்து தொங்குது. இறக்கச் சொல்ல ஆளில்ல. அப்படியே தொங்கிட்டிருக்கு" என்றார். கண் இரண்டும் செவசெவ என்று இருந்தது.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"என்னன்னு சொல்றது? எம் பொண்டாட்டி பில்லு வாசிக்கலன்னா?"

இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் சிரிக்க முடியவில்லை. நிஜக் கூண்டிலேயே அவருக்குக் கண் சொக்கிவிட்டது. கம்பியில் தொங்கிய பெட்டி ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. சூப்பர்வைசர் மட்டும் வந்து நிதானமாகச் சொன்னாராம்: "இன்னொரு தடவை ஆடட்டும், அன்னிக்கே நீ கீழ இறங்கிடு. திரும்ப ஏற வேண்டாம்."

"வேலை போனா போகுதுடி. கீழ மனுஷங்க நிக்கறாங்க" என்றார் அவர்.

மறுநாள் கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"தலையணைமேல வச்சுக்குங்க. எதுவும் பேசாதீங்க. கண்ணை மூடுங்க."

இயர்போனைக் கூந்தலுக்குள் மறைத்துக்கொண்டு, பில்லை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் கட்டில் முனகும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நாலைந்து பில் கழித்து, தூரத்துத் தண்ணீரிலிருந்து வருவது போல ஒரு குரல்: "ம்... இறக்கு."

படத்திலிருந்த சாயங்காலம் ஒரு கணம் அசைந்த மாதிரி இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம்.

நாலு நாள் நன்றாகத்தான் போயிற்று. அதற்குள் 'இன்ச் டேப்' மூக்கை நுழைத்துவிட்டார்.

இன்ச் டேப் என்பது கடையின் மூத்த சேல்ஸ்மேன். கழுத்தில் எப்போதும் அளவு டேப் மாலையாகத் தொங்கும். அதனால் அந்தப் பெயர்.

"கணக்கம்மா, யாருகிட்ட பேசறீங்க?"

"யாருமில்லண்ணா. பில்லு சரிபார்க்கறேன்."

"பில்லு திருப்பிப் பேசுதோ? நடுநடுவுல சிரிச்சுக்கறீங்க?"

பதிலுக்கு நிற்காமல், டேப் ஆட ஆட, முதலாளியைத் தேடி ஓடினார்.

அடுத்த நாள் காலை அவள் கையில் வந்து விழுந்த முதல் காகிதமே புது ஹோட்டல் ஆர்டருக்கான விலைப் பட்டியல். இன்னும் அனுப்பவில்லை. ஏற்றிவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். வழக்கம் போலப் போன் போட்டாள். வழக்கம் போலக் கிசுகிசுத்தாள்.

"ஹோட்டல் ஆர்டர். பெரிய மெத்தை அறுபது. ஒண்ணோட விலை..."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அலமாரியின் கதவு படாரென்று திறந்தது. உள்ளே, ஹேங்கர்களுக்கு நடுவே, முதலாளி!

பின்னாலேயே இன்ச் டேப். இருவரும் அதற்குள் எப்படி அடங்கினார்கள் என்பது அலமாரிக்குத்தான் தெரியும்.

முதலாளி வாயைத் திறந்தார். நெஞ்சு நிறையக் காற்று இழுத்தார். அவள் எழுந்து இரு கையையும் கூப்பிவிட்டாள்.

"கத்தாதீங்க சார்! என்ன வேணா கேளுங்க, சொல்றேன். கத்த மட்டும் கத்தாதீங்க. முழிச்சுக்குவார்!"

இழுத்த காற்று அப்படியே நின்றது. "யாரு?" என்றார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவருக்குக் கிசுகிசுப்பு வந்தது. "எதிர்க் கடைக்காரனா?"

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மெத்தைமேல் வைத்தாள்.

ஒரு குறட்டை. நீளமாக, அலை மணலில் ஏறி இறங்குவது போல. பிறகு அது தடுமாறியது. "ஏன் நிறுத்திட்ட... பெட்டி தொங்குது..."

"சார், பெட்டிங்கறான்! கடத்தல் சார்!" என்றார் இன்ச் டேப்.

"எங்க வீட்டுக்காரர் சார்" என்றாள் அவள். துறைமுகம், கூண்டு, ஆடிய பெட்டி, கீழே ஓடிய ஆட்கள், எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். "தப்புதான் சார். உங்க விலையை வெளிய வாசிச்சது தப்புதான். ஆனா கேக்கறவருக்கு அது விலையே இல்ல."

போனில் கட்டில் முனகியது. அவர் புரள்கிறார். இன்னும் ஒரு நொடியில் விழித்துக்கொள்வார். விழித்தால் பிறகு தூக்கம் வராது. இன்று ராத்திரி கூண்டு ஏற வேண்டும்.

முதலாளி விலைப் பட்டியலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு பட்டியலை அவள் கையில் திணித்தார்.

"வாசிங்க."

"இதையா சார்?"

"வாசிங்கம்மா, அந்தாளு முழிச்சுக்கப் போறான்!"

வாசித்தாள். அறுபது மெத்தை. நூற்றிருபது தலையணை. உறை, விரிப்பு. குறட்டை தயங்கியது, தேடியது, பழையபடி அலையைப் பிடித்துக்கொண்டது.

முதலாளி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "அந்த ஆர்டர் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. மெத்தை விக்கறவன். வெளிய சொன்னா எவனும் வாயால சிரிக்கமாட்டான்."

"சார், கோவிச்சுக்காதீங்க" என்றார் இன்ச் டேப், அவரும் கிசுகிசுப்பாகவே. "அன்னிக்கு அந்த விலையை நீங்கதான் வாசல்ல நின்னு போன்ல கத்துனீங்க. எதிர்க் கடையில கல்லாவுல இருந்தவன் எழுதிக்கிட்டதை நானே பார்த்தேன். பேப்பர் ஏதோ படிக்கறான்னு நினைச்சேன்."

"இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"நீங்க எங்க சார் பேச விட்டீங்க?"

முதலாளி கத்தவில்லை. செருப்பைக் கழற்றினார். பிளாஸ்டிக் உறை சரசரக்க அந்த மாதிரி மெத்தையில் சாய்ந்தார்.

"நாளையிலேர்ந்து வீட்லயே எழுதுங்கம்மா."

"ரொம்ப நன்றி சார்."

"திங்கக்கிழமை மட்டும் இங்க வாங்க. போனோட வாங்க. அவருக்கும் கேக்கணும்ல."

"திங்கக்கிழமை எதுக்கு சார்?"

முதலாளியின் இமை பாதி இறங்கியிருந்தது. கடைக்குள் நுழைந்த ஒரு தம்பதிக்கு இன்ச் டேப் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவர்கள் ஏதோ புரிந்தவர்கள் போலக் கால்விரல் நுனியில் நடந்து சோபாப் பக்கம் போனார்கள்.

படத்து ஜன்னலில் சாயங்காலம் நீலமாக இருந்தது. அவள் அடுத்த பில்லை எடுத்தாள்.

"இலவம்பஞ்சுத் தலையணை, உறையோட, பன்னெண்டு."

"மெல்ல..." என்றது போன்.

"மெல்ல..." என்றார் முதலாளி, தூக்கத்தில்.