மானாவாரி எலுமிச்சை

1

இந்தக் கதை ஓர் அரசாங்க வாக்கியத்திலிருந்து பிறந்தது. ஸ்பெயினின் முர்சியாவில் எங்கள் வட்டாரத்துக்கு 2050 வரை எவ்வளவு தண்ணீர் வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று திட்டம் தயாராகிறது. பொறியாளர்கள் கணக்குப் போடுவார்கள். அதை வாக்கியமாக்குவது என் பிழைப்பு. போன மாதம் என் ஊரின் முறை வந்தது. 'இவ்வூர் எலுமிச்சை மானாவாரி. பாசனத் தேவை இல்லை.'

தட்டச்சு செய்துவிட்டுச் சிரித்தேன். மழையை நம்பி முளைக்க எங்கள் ஊரில் கள்ளிகூட யோசிக்கும்.

2

முதல் தொடக்கம்: 'மலைகளின் மேல் கதிரவன்...' வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: எலுமிச்சைத் தோப்புக்காரி ஃபுவென்சாந்தா கோழிக்கூட்டை நகர்த்தினாள். அடியில் ஆழ்துளைக் கிணறு. உரிமம் கிடையாது.

(ஊரில் தோப்புக்கு ஒன்று உண்டு. கிணறு என்ற சொல் அதிகாரியின் காதில் விழக்கூடாது என்பதை இங்கே குழந்தைகள் பேச்சு வரும்போதே கற்றுவிடும்.)

அவ்வளவு நன்றாக ஒளித்ததால் திட்டத்தின் கண்ணுக்கு ஊரின் தாகமும் தெரியவில்லை. புதிய தண்ணீர்க் குழாய் எங்களைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. கிணறுகளோ வற்றிக்கொண்டிருக்கின்றன.

3

எங்கள் ஊரில் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். ஊராரோடு நானும். மேடையில் பொறியாளர் ஹினேஸ். ஃபுவென்சாந்தாவின் அக்கா மகன்.

"உங்க தோப்புல கிணறு ஏதாவது இருக்காம்மா?"

"ஞாயித்துக்கிழமை முயல்கறிச் சோறு திங்க வரும்போது சித்தி. மைக் கைக்கு வந்ததும் அம்மாவா?"

கூடம் சிரித்தது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"மழையிலதான் காய்க்குதுன்னு நீங்களே எழுதிட்டீங்களே. அது எந்த மழைடா? எங்களுக்கும் கொஞ்சம் காட்டேன்."

ஹினேஸ் குரலைத் தாழ்த்தினான். மைக்கை அணைக்க மறந்துவிட்டான். "சித்தி, இருக்குன்னு சொன்னா நாளைக்கே சீல் வைப்பாங்க. குழாய் வர பத்து வருஷம் ஆகும். இல்லன்னு சொன்னா குழாயே வராது."

"மரம் பத்து வருஷம் தாங்குமா?"

"தாங்காது சித்தி."

(ஹினேஸ் நல்லவனா, கோழையா? ஞாயிறுதோறும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, 'அவனுடைய மனசாட்சி...' இல்லை, இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

4

திட்டத்தில் எதற்கும் மூன்று நிலைகள் எழுதுவோம். முடிவையும் அப்படியே எழுதிப் பார்த்தேன்.

வறட்சி: ஃபுவென்சாந்தா உண்மையைச் சொல்கிறாள். தோப்பு விறகாகிறது. பிறகு குழாய் வருகிறது.

நடுத்தரம்: சொல்லவில்லை. தோப்பு கொஞ்சம் தாமதமாக விறகாகிறது.

நல்ல மழை: எங்களிடமும் கிணறு உண்டென்று எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்குகிறார்கள். ஊர் முழுக்க எப்படிச் சீல் வைப்பது? குழாய் வரும்வரை கிணறுகளை விட்டுவைக்கிறார்கள். (எழுதும்போதே நம்பிக்கை போய்விட்டது. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.)

5

ஒரு திருத்தம். கிணறு கோழிக்கூட்டுக்கு அடியில் இல்லை. வேறு இடம். யாரென்றே தெரியாத உங்களிடம் சொல்லிவிடுவேனா?

பாருங்கள், நானும் அதையேதான் செய்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஃபுவென்சாந்தா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். கூடமே தரையைப் பார்க்கிறது, நானும்தான்.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்கிறான் ஹினேஸ்.

என் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கிணறு உண்டென்று உங்களுக்கும் தெரியும்.