முகம் உரிந்த வாரம்

துணைக்கு ஆள் வந்தால்தான் முகத்தில் மருந்து தடவுவேன் என்று தோல் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். என் கன்னத்தில் மங்கு என்று கருந்திட்டாகப் படர்ந்திருந்ததை உரித்து எடுக்கிற ஆசிட் அது. வலிக்குக் கொடுக்கும் மாத்திரையின் மயக்கத்தோடு யாரையும் தனியாக அனுப்ப மாட்டார்களாம். ஆளுக்கு நான் எங்கே போவேன்? மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை எனக்கு. நாள் முழுக்க என் எதிரில் வந்து உட்காருகிறவர்கள் அவரவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஒருவராவது என் முகத்தை நிமிர்ந்து பார்க்கட்டுமே என்றுதான் இதில் இறங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அன்று தெருமுனையில் கை காட்டி ஒரு டாக்ஸியை நிறுத்தினேன். உள்ளே வந்து என் தம்பி என்று சொல்ல முடியுமா என்று போகிற வழியில் டிரைவரிடம் கேட்டேன். கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"சரிக்கா. ஆனா அழச் சொல்லாதீங்க, எனக்கு நடிக்க வராது."

மருந்து பட்டதும் முகம் தீயாக எரிந்தது. நர்ஸ் விசிறிக்கொண்டே இருந்தாள். தோல் வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டதாம், அப்படித்தான் ஆக வேண்டுமாம். பிறகு தம்பியை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மறுநாள் கண் மூடும் அளவுக்கு வீங்கும். தோல் கறுத்து, வெடித்து, உரியும். அக்காவைப் பிய்க்க விடக்கூடாது, களிம்பு காயக்கூடாது, வெயில் ஆகவே ஆகாது. காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே கூப்பிட வேண்டும். அவன் மண்டையை மண்டையை ஆட்டினான். நர்ஸ் கேட்டதும் அவளிடம் தன் போன் நம்பரையும் கொடுத்தான். கூடப் பிறந்தவன் இருந்திருந்தால்கூட இத்தனை பொறுமை இருந்திருக்காது. என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு போனான்.

நர்ஸ் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. கண் திறக்க முடியாமல் சுவரைத் தடவித் தடவிப் போய்த் தண்ணீர் குடித்தேன். அப்புறம் முகம் பழைய சுண்ணாம்பு மாதிரி பெயர்ந்து தலையணையெல்லாம் உதிர்ந்தது. போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அது கம்மென்று கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்துகூட ஒரு விசாரிப்பு இல்லை. இந்தக் கோலத்தில் செத்துக் கிடந்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று நினைத்து அழுதேன். கண்ணீர் பட்ட இடமெல்லாம் காந்தியது.

உரிந்து முடிந்ததும் டாக்டரிடம் காட்டப் போனேன். மங்கு போயிருந்தது. சிவப்பு அடங்கச் சில வாரம் ஆகும், அதுவரை வெயிலில் தலைகாட்டாதீர்கள் என்றார். வெளியே வந்ததும் தம்பி எங்கே என்று நர்ஸ் கேட்டாள். வேலை என்று சமாளித்தேன்.

"கொடுத்து வச்சவங்க நீங்க. பேசினா உங்களுக்குத் தோல் இழுக்கும்னு தினமும் அவருக்குத்தான் போன் பண்ணேன். அக்கா தூங்குறாங்க, வீக்கம் வடிஞ்சிருக்கு, நல்லா சாப்பிட்டாங்கன்னு ஒண்ணு விடாம சொன்னாரு. இன்னைக்குக் காலையில அவரே கூப்பிட்டாரு. அக்கா முகம் நெசமாவே சரியாயிடும்லன்னு கேட்டாரு."

பாவி, அத்தனை பொய்யையும் சொல்லிவிட்டுக் கவலையும் பட்டிருக்கிறான். எனக்காகக் கவலைப்பட்ட ஒரே ஆளின் நம்பர் அவள் கையில் இருந்த போனில் இருந்தது. சொந்தத் தம்பியின் நம்பரை அக்காக்காரி நர்ஸிடம் எப்படிக் கேட்பாள்?

"நான் விசாரிச்சதா தம்பிகிட்ட சொல்லுங்க," என்றாள்.

"சொல்றேன்," என்றேன்.