யூரியா சாக்கில் கூத்தாண்டவர்

கண்ணாயிரம் சாக்கின் கட்டை அவிழ்த்ததும் முதலில் வந்தது வாடைதான். மழையில் நனைந்து மூட்டைக்குள்ளேயே புழுங்கிப் போன நெல்லின் வாடை. கையை உள்ளே விட்டு, கூத்தாண்டவர் முகத்தை வெளியே எடுத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மீசை மேல் வெள்ளை, இமை மேல் பச்சை, தாடைக்குக் கீழே கறுப்புப் புள்ளிகள். விரலால் தொட்டார். விரலில் மாவு மாதிரி ஒட்டியது.

மனைவி அமிர்தம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சாமி மூஞ்சில பூசணம்" என்றாள்.

அந்த முகம் ஊர்ச் சொத்து. வாகை மரத்தில் செதுக்கியது. காதுகள் இரண்டும் தனித்தனியாகச் செய்து, முளை வைத்துப் பொருத்தியவை. கண்ணாயிரத்தின் தாத்தா காலத்திலிருந்து அது அவர்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. மாசி முதல் வெள்ளியன்று ஊர்ப் பெரியவர்கள் வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். சித்திரைத் திருவிழாவில் முகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது கண்ணாயிரம். மற்ற நாளில் அவரை யாரும் எதிலும் கலந்துகொள்வதில்லை. எதைச் சொன்னாலும் சந்தேகம் சொல்லுகிற ஆள் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஒரு நாள் மட்டும் ஊர் முழுக்க அவருக்குப் பின்னால் வரும். முகத்தில் பழுது வந்தால் பெட்டி அடுத்த பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அடுத்த பங்காளி தங்கதுரை. அவன் பத்து வருஷமாக அதற்குத்தான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான் என்பது கண்ணாயிரத்தின் எண்ணம்.

முகம் சாக்குக்கு வந்த கதை இது. எண்பத்தேழு புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. கள்ளக்குறிச்சி ரோடு முழுக்க மரமும் கல்லும். பிறகு போலீஸ் வீடு வீடாகப் புகுந்தது. பையன்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினார்கள். கண்ணாயிரத்தின் மகன் இளவரசன் ஓடத் தெரியாமல் மாட்டிக்கொண்டு, பதினைந்து நாள் கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அந்தக் களேபரத்தில் போலீஸ்காரன் பெட்டியை உடைத்துவிடுவான், இல்லாவிட்டால் அதையே சாக்காக வைத்துத் தங்கதுரை தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து, முகத்தை எடுத்து யூரியா சாக்கில் போட்டு, வாயை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, நெல் குதிருக்குப் பின்னால் மண் தரையில் ஒளித்துவைத்தார். உள்ளே பிளாஸ்டிக் பை வைத்துத் தைத்த சாக்கு. தண்ணீர் புகாது என்று அவரே தட்டிப் பார்த்துச் சொன்னார். ஐப்பசி கார்த்திகை மழை அத்தனையும் அந்தச் சுவரில்தான் அடித்தது.

ஒவ்வொரு தை மாதமும் காசிநாதன் ஆசாரி வந்து முகத்தைத் துடைத்து, பார்த்து, எண்ணெய் போட்டுவிட்டுப் போவார். இந்தத் தையில் வரவில்லை. வரமாட்டார் என்றும் கண்ணாயிரத்துக்குத் தெரியும்.

மறியல் அன்று பையன்கள் ரோட்டோரப் புளியமரத்தை வெட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நின்ற கண்ணாயிரம்தான், ஆசாரி பட்டறையில் வெட்டின மரம் சும்மா கிடக்கிறது, அதை இழுத்துப் போடுங்கள் என்று கையைக் காட்டினார். மூன்று வருஷம் கூரை நிழலில் அடுக்கிக் காயவைத்திருந்த வாகைக் கட்டைகள். ஆசாரி குறுக்கே வந்து நின்றார். "மரம் மரந்தானே, இன்னாத்துக்குக் கத்துற?" என்று கண்ணாயிரம் கேட்டார். கட்டைகளை ரோட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். நன்றாகக் காய்ந்த மரம். புகையே இல்லாமல் எரிந்தது. அடுத்த வாரம் ஆசாரி உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு மலை மேல் கரியாலூரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாசி முதல் வெள்ளிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கண்ணாயிரம் யாருக்கும் சொல்லாமல் வெள்ளிமலை பஸ் ஏறினார்.

ஆசாரி ஒரு வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவு நிலைக்கு இழைத்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் இழைப்புளி ஒரு தடவை நின்றது, பிறகு ஓடியது. கண்ணாயிரம் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே வசவுக்குத் தயாராக நின்றார். வசவு வரவில்லை.

"எதுல வச்சிருந்தீங்க?"

"யூரியா சாக்குல."

"உள்ள பிளாஸ்டிக் வச்ச சாக்கா?"

"ஆமா."

"வேர்த்து வேர்த்து அழுவிருக்கும்" என்றார் ஆசாரி. பிறகு இழைத்துக்கொண்டே சொன்னார். முகத்தை வீட்டுக்குள் வைத்துத் துடைக்கக் கூடாது, பூசணம் பறந்து மற்ற சாமானிலும் உட்காரும். வெளியே எடுத்துப்போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெத்தென்ற பழைய பெயிண்டு பிரஷால் மர ரேகை போகிற பக்கமே தட்டிவிட வேண்டும். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாலீஷுக்கு வாங்குகிற ஸ்பிரிட்டைத் துணி நுனியில் தொட்டு ஒற்ற வேண்டும். முதலில் காதுக்குப் பின்னால் ஒற்றிப் பார்த்து, சாயம் வராவிட்டால்தான் முகத்தில். அப்புறம் பெட்டிக்குக் காற்றுத் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி, சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

இதெல்லாம் சொல்லிவிட்டு இழைப்புளியைக் கீழே வைத்தார். "தண்ணி ஒரு சொட்டு ஆவாது. வெயில்ல மட்டும் வச்சிராதீங்க. நெழல்ல, காத்து வர்ற எடத்துல, பத்து நாளு. ஒணந்தப்புறந்தான் எண்ணெ."

"நீயே வந்து செஞ்சிட்டுப் போயேன் ஆசாரி."

"அந்த ரோட்டுல நான் காலு வைக்க மாட்டேன்."

மகள் டீ கொண்டுவந்தாள். கண்ணாயிரம் அதை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார். ஆசாரி அதைப் பார்த்தார். இழைப்புளியை மறுபடி எடுத்தார்.

பஸ் மலை இறங்கும்போது கண்ணாயிரத்தின் மனசில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. மரத்தை எரித்தவனுக்கு எவனாவது இவ்வளவு ஒழுங்காக வழி சொல்லுவானா? திட்டக்கூட இல்லையே. திட்டியிருந்தால் நம்பலாம். நெல், கேழ்வரகு, மிளகாய், மல்லாட்டை எல்லாம் வெயிலில் காய்கிறது, இது மட்டும் நிழலிலா? ஈரமான சாமானைப் பத்து நாள் நிழலில் போட்டால் பூசணம் முகத்தைத் தின்று முடிக்கும், வெள்ளிக்கிழமை ஊர் முன்னால் நம்ம மானம் போகும், அதுதான் அவன் கணக்கு. கச்சிராயபாளையம் வருவதற்குள் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஆசாரி சொன்னதை ஒன்று விடாமல் அமிர்தத்திடம் சொன்னார். "எல்லாம் பொய்யி. வயித்தெரிச்சல்ல சொல்றான்" என்று முடித்தார்.

"அவரு இதுக்கு முன்ன எப்பப் பொய் சொல்லிருக்காரு?" என்று அமிர்தம் கேட்டாள்.

"இனிமே சொல்லுவான்."

மறுநாள் சீயக்காய் கரைத்து, தேங்காய் நாரால் முகத்தைத் தேய்த்துக் கழுவினார். பூசணம் போய்ச் சிவப்பு தெரிந்தது. பார்த்தாயா என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். களத்தில் சாக்கு விரித்து, முகத்தை வானம் பார்க்க வைத்து, காக்காய் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மதியம் வேப்பெண்ணெயை வழிய வழியத் தடவினார். மினுமினு என்று வந்தது. காதுகளைக் காணோமே என்று கேட்டதற்கு, பெட்டியில் இருக்கிறது என்றாள் அமிர்தம். சின்னச் சாமான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மதியம் கொட்டாங்கச்சி வெடிப்பது மாதிரி ஒரு சத்தம். எழுந்து பார்த்தார். நெற்றிப் பொட்டிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரைக்கும் ஒரே விரிசல். உள்ளே சுண்டுவிரல் நுழைந்தது. சிவப்புச் சாயம் இரண்டு பக்கமும் செதில் செதிலாக நின்றது. மெழுகு வைத்து அடைத்தார், குங்குமம் குழைத்துப் பூசினார். மறுநாள் அது மறுபடி வாயைத் திறந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை பெரியவர் பிச்சைமுத்துவும் நாலு பேரும் வந்தார்கள். தங்கதுரை கடைசியாக வந்து முன்னால் உட்கார்ந்தான். பெட்டியைத் திறந்தார்கள். பிச்சைமுத்து விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்து, எப்படி ஆச்சு என்று கேட்டார்.

கண்ணாயிரம் யோசிக்கவே இல்லை. பூசணம் கண்டது, மலைக்குப் போய் ஆசாரியைக் கேட்டேன், கழுவி வெயிலில் வைக்கச் சொன்னான், மரத்தை எரித்த கோபத்தைச் சாமி மேல் காட்டிவிட்டான் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நம்புவது அவர்களுக்கும் சுலபமாக இருந்தது. எரித்தது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தானே. இனி ஆசாரி ஊருக்குள் வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருத்தர் சொன்னார். தங்கதுரைகூட, அண்ணன் மேல் தப்பில்லை என்றான்.

அப்போது அமிர்தம் ஒரு முறத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முறத்தில் கூத்தாண்டவரின் இரண்டு காதுகள். பூசணமும் இல்லை, வெடிப்பும் இல்லை. சாயம் முன்பு இருந்தபடி மங்கின சிவப்பில் இருந்தது.

"மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நெழல்ல வச்சேன். பத்து நாளு" என்றாள் பிச்சைமுத்துவைப் பார்த்து. "ஆசாரி இப்படித்தான் செய்யச் சொன்னாருங்க. இவருதான் நம்பல."

கண்ணாயிரம் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம், ஸ்பிரிட் ஒற்றிப் பார்த்த இடம் காசு அளவுக்கு லேசாக வெளுத்திருந்தது. திரும்ப முறத்தில் வைத்துவிட்டார்.

புதிதாக முகம் செதுக்க வேண்டும் என்று பிச்சைமுத்து சொன்னார். அதற்கு மூன்று வருஷம் நிழலில் காய்ந்த வாகை வேண்டும் என்று சொல்லி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாரும் ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை. அதுவரைக்கும் விரிசல் முகமே இருக்கட்டும், தங்கதுரை வீட்டில் என்று முடிவானது.

தங்கதுரை பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். வாசலில் நின்று, கேட்காமலே சொன்னான். "நீ கவலப்படாதண்ணே. கள்ளக்குறிச்சில புது தார்ப்பாய் வாங்கி வச்சிருக்கேன். ஒரு பொட்டுக் காத்து போவாம சுத்திக் கட்டிருவேன்."

ஆசாரி சொன்ன காற்றுத் துளை கண்ணாயிரத்துக்கு வாய் வரைக்கும் வந்தது. அமிர்தம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படியும் அவன் நம்பமாட்டான், நம்ம வயித்தெரிச்சல் என்றுதான் நினைப்பான் என்று தோன்றியது. "கட்டு, கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.