மாக்டெல்ட் தட்டாத சுரம்

ஹெல்டர்பேக் ஊரில் சீஸ் கடை வைத்திருக்கும் வான்னஸ், ஒரு ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் பாடத் தொடங்கிய சுரத்தை அடுத்த ஆண்டுத் திருவிழா வரை நிறுத்தவில்லை. 1468-இல் அந்தப் பகுதியை ஆண்ட பர்கண்டிக் கோமகன் ஊருக்குள் வந்ததை ஆண்டுதோறும் வேடம் கட்டி நடித்து, அக்காலத்துப் பூசைப் பாட்டைத் தேவாலயத்தில் பாடுவது அவ்வூர் வழக்கம். பாடகர்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய ஏடு. பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் தோளில் தட்டித் தாளம் காட்டுவார். மற்றக் குரல்கள் ஓடியாட, வான்னஸ் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்திருப்பான். முடியும் இடத்தில், பின்னால் நின்று பாடும் மனைவி மாக்டெல்ட் ஓங்கி ஒரு தட்டு தட்டினால்தான் நிறுத்துவான். பத்தொன்பது ஆண்டுகளாக இப்படித்தான். எண்ணிப் பாட அவன் கற்றுக்கொள்ளவே இல்லை.

அந்த ஆண்டு அவனை வேடக் குழுத் தலைவனாக்கினார்கள். பதவி தலைக்கேறியது. எல்லோருடைய கைக்கடிகாரத்தையும் கழற்ற வைத்தான், பிஷப்பின் அங்கியிலிருந்த ஜிப்பைப் பிய்த்தான், கடைசியில் அந்தக் காலத்துப் பாடகர் குழுவில் பெண்ணே கிடையாது என்று பெண்டாட்டியை மீன்காரி வேடத்தில் வாசலில் நிறுத்தினான்.

"நல்லா பாடு. நிறுத்தத் தெரியுதான்னு பாக்குறேன்," என்றாள் அவள்.

தெரியவில்லை. மற்றவர்கள் பாடி முடித்து, ஏட்டை மூடி, சாப்பிடப் போனார்கள். அவனும் சுரத்தோடு வீட்டுக்கு நடந்தான். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, சளி இல்லை என்றார். சூப் குடிக்கும்போதும் சுரம் அறுபடவில்லை. நாய்கள் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டன. ஒரே ஒரு கஷ்டம், வாய் சுரத்துக்குப் போய்விட்டதால் மன்னிப்புக் கேட்க வழியில்லை. சீட்டில் எழுதி மாக்டெல்டிடம் நீட்டினான்.

"சீட்டெல்லாம் செல்லாது. வாயால கேளு."

"பாவம்டி, ஒரு தட்டு தட்டிவிடேன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நான் மீன்காரி. எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்?"

வான்னஸ் நிஜமாகவே உடைந்துபோனான். கண்ணீர் வழிந்தபோதும் சுரம் மட்டும் ஆடவில்லை.

அடுத்த திருவிழாவில், ஊரே பார்க்க, தன் பாடகர் அங்கியைக் கழற்றி மாக்டெல்டுக்கு மாட்டிவிட்டான். மீன்காரியின் ஏப்ரனைத் தான் கட்டிக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து வாசலில் போய் நின்றான். பூசை தொடங்கியது. பாட்டின் கடைசி வரியில் மாக்டெல்ட் குழுவை விட்டு இறங்கி, சபை நடுவே நடந்து வந்து, அவன் தோளில் ஓங்கித் தட்டினாள்.

"போதும், மீன்காரம்மா."

வான்னஸ் வாயை மூடினான். பிறகு திறந்தான்.

"மன்னிச்சிடு மாக்டெல்ட். எனக்கு எண்ணத் தெரியாது."

"அது ஊருக்கே தெரியும்," என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டாள்.

சுரம் மட்டும் நிற்கவில்லை, வாசலிலேயே தங்கிவிட்டது. இப்போது பாடகர்கள் அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கிறார்கள். கென்ட் நகரத்திலிருந்து தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தைச் சரிபார்க்க வந்தவர், அதற்கும் வாசல் சுரத்துக்கும் இம்மியளவு வித்தியாசம் இருக்கக் கண்டு, ஆர்கனைத் திருத்திவிட்டுப் போனார்.